கண்டிக்கு தினமும் கோச்சியில் போக: சீசன் டிக்கெட்டும் அதற்குப் பிறகும்

கண்டியில் எனக்கு முதல் வேலை கிடைத்தபோது சம்பளம் நாள் கணக்கு. போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. முதல் மாதம் பஸ்ஸில் போய்வந்தேன். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கையில் மிஞ்சியதைவிட பஸ்ஸுக்குக் கொடுத்தது அதிகம் போலத் தெரிந்தது. சரி, கோச்சிக்கு, அதாவது ரயிலுக்கு, மாதத்துக்கு ஒரு தடவை காசு கட்டும் சீசன் டிக்கெட் எடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். ஒரு தடவையில் முடிய வேண்டிய வேலைக்கு நான்கு தடவை அலைந்தேன். ஒரு நாள் எந்த வரிசை என்று தெரியவில்லை, ஒரு நாள் கடிதத்தில் பெயர் பிழை, ஒரு நாள் சீல் இல்லை. நான்காவது நாள்தான் டிக்கெட் கையில் வந்தது. அதற்குள் மூன்று நாள் சம்பளம் போய்விட்டது.

நாவலப்பிட்டி, உலப்பனை, கம்பளைப் பக்கத் தோட்டங்களிலிருந்து ஒவ்வொரு வருடமும் எத்தனையோ பிள்ளைகள் ஓ.எல்., ஏ.எல். முடித்துவிட்டு கண்டியில் கடை, பாமசி, அலுவலகம் என்று வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் யாரும் இந்த மூன்று நாள் சம்பளத்தை இழக்கக் கூடாது. அதற்காகவே இதை எழுதுகிறேன். வரிசையாகச் செய்துகொண்டு போங்கள், ஒரே நாளில் முடிந்துவிடும்.

1. உங்கள் பகுதியில் கோச்சி ஓடுகிறதா என்று கேளுங்கள்

இதைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலையகப் பாதை பல இடங்களில் மண்சரிவால் உடைந்து ஓட்டம் நின்றது. இப்படிப்பட்ட பாதையை ஒரே நாளில் முழுதாகத் திறக்க முடியாது. பகுதி பகுதியாகத்தான் திறப்பார்கள். பக்கத்து ஊரில் ஓடுகிறது என்பதால் உங்கள் ஊரிலும் ஓடும் என்று எண்ண வேண்டாம். ‘போன வருஷம் ஓடியதே’ என்ற பேச்சையும் நம்ப வேண்டாம்.

உங்கள் ஸ்டேஷனுக்கே நேரில் போய் மூன்று கேள்வி கேளுங்கள். காலையில் கண்டிக்குப் போகும் கோச்சி எத்தனை மணிக்கு? அது நேரே கண்டிக்குப் போகிறதா, பேராதனையில் மாற வேண்டுமா? பின்னேரம் திரும்பி வர எத்தனை மணிக்கு என்ன இருக்கிறது? மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். காலையில் அழகாகப் போய்ச் சேர்ந்துவிட்டு, வேலை விடும் நேரத்துக்கும் கோச்சிக்கும் ஒத்துவராமல் தினமும் பஸ்ஸில் திரும்பினால் சீசன் எடுத்துப் பயனில்லை.

நேரில் போக முடியாதவர்கள் 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலைய எண்ணுக்கு அழைக்கலாம். தமிழில் பேசலாம். ஆனால் நேர அட்டவணை மாறும்போது முதலில் தெரிவது ஸ்டேஷன் பலகையில்தான். அதைப் போனில் படமெடுத்து வையுங்கள்.

2. தினமும் போய்வர முடியுமா என்று உண்மையாகக் கணக்குப் பாருங்கள்

கம்பளைப் பக்கம் இருப்பவர்களுக்கு தாராளமாக முடியும். நாவலப்பிட்டியிலிருந்தும் முடியும், ஆனால் நாள் நீளும். அட்டன், கொட்டகலை, தலவாக்கலையிலிருந்து கண்டிக்கு தினமும் கோச்சியில் போய்வர நினைப்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். நாவலப்பிட்டிக்கு மேலே பாதை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. வளைவுகள் கடுமை, வேகம் குறைவு. அட்டன் ஸ்டேஷன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கிருந்து கண்டிக்கு வந்து சேர இரண்டரை மூன்று மணி நேரம் போய்விடும். போகவும் வரவும் ஐந்தாறு மணி நேரத்தைக் கோச்சியிலேயே கழித்தால், இரண்டே மாதத்தில் உடம்பு கேட்காது. அவர்கள் கண்டியில் ஒரு போர்டிங் பார்த்துக்கொண்டு கிழமைக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவது நல்லது. அப்படியானால் சீசன் தேவையில்லை, சாதாரண டிக்கெட் போதும்.

கோச்சி நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து) ஸ்டேஷனுக்கு எவ்வளவு நேரம் என்று ஒரு நாள் விடியற்காலையில் நடந்து பாருங்கள். பகலில் இருபது நிமிடத்தில் இறங்கும் படிக்கட்டுப் பாதை, மழை இருட்டில் டோர்ச் பிடித்துக்கொண்டு இறங்கினால் முப்பத்தைந்து நிமிடம் எடுக்கிறது.

தண்டவாளத்தின் மேலே நடந்து ஸ்டேஷனுக்கு வருவது நம் தோட்டங்களில் பழகிப்போன விஷயம். அது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், வளைவில் வரும் கோச்சியின் சத்தம் மலைப் பக்கம் திரும்பி மோதுவதால் அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது. பாலத்திலும் சுரங்கத்திலும் ஒதுங்க இடமும் இல்லை. பத்து நிமிடம் அதிகம் நடந்தாலும் பாதையால் வாருங்கள்.

3. எந்த ஸ்டேஷன் வரை என்று தீர்மானியுங்கள்

சீசன் டிக்கெட்டில் இரண்டு ஸ்டேஷன் பெயர் இருக்கும். அந்த இரண்டுக்கும் இடையில்தான் அது செல்லும். ஒரு ஸ்டேஷன் தாண்டினாலும் அந்தத் துண்டுக்கு நீங்கள் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தவர்தான். அப்படிப் பிடிபட்டால் 3,000 ரூபா தண்டமும் அதோடு கட்டணத்தின் இரண்டு மடங்கும் கட்ட வேண்டும். ‘சீசன் இருக்கிறதே’ என்று காட்டினால் விட்டுவிட மாட்டார்கள்.

ஆகவே நீங்கள் உண்மையிலேயே இறங்கப்போகும் இடம் எது என்று பாருங்கள். வேலை கண்டி டவுனிலா? அப்படியானால் கண்டி ஸ்டேஷன். கண்டி தேசிய வைத்தியசாலைப் பக்கம் என்றாலும் கண்டியில் இறங்கி நடந்தே போகலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்கும் அங்கே வேலை செய்பவர்களுக்கும் சரசவி உயன என்ற சிறிய ஸ்டேஷன்தான் கிட்ட. அது பேராதனைச் சந்திக்கும் கண்டிக்கும் இடையில் இருக்கிறது. மஹியாவ, கட்டுகஸ்தோட்டை, வத்துகாமம் பக்கம் வேலை என்றால் அவை கண்டியைத் தாண்டி மாத்தளைப் பாதையில் வருகின்றன. கண்டி வரை எடுத்த சீசன் அங்கே செல்லாது.

பெயர்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நாம் கண்டி என்று சொல்வது சிங்களத்தில் மஹநுவர. சுருக்கமாக நுவர என்பார்கள். ‘நுவரட்ட யனவத?’ என்று யாராவது கேட்டால் கண்டிக்குப் போகிறதா என்று அர்த்தம். நுவரெலியாவைப் பற்றிய கேள்வி என்று நினைத்துத் தவறான பதில் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். கம்பளை, கம்பொல ஆகும். பேராதனைச் சந்தி, பேராதெனிய ஹந்திய. படிவத்தில் எழுதும்போது ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதினால் பிரச்சினை வராது.

4. பத்திரங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

என்னை அலைய வைத்தது இந்தக் கட்டம்தான். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நீங்கள் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். பாடசாலை மாணவர் என்றால் அதிபர் உறுதிப்படுத்த வேண்டும். அரசாங்க ஊழியர் என்றால் திணைக்களத் தலைவர் உறுதிப்படுத்த வேண்டும், அவர்களுக்குச் சலுகை தனி. தனியார் இடத்தில் வேலை செய்யும் என்னைப் போன்றவர்கள் சாதாரண சீசன் எடுக்க வேண்டும். தவறான வகைப் படிவத்தை நிரப்பிக்கொண்டு போனால் அங்கேயே திருப்பி அனுப்புவார்கள். படிவம் வாங்கும்போதே ‘நான் தனியார் கடையில் வேலை’ என்றோ ‘ஸ்கூல் பிள்ளை’ என்றோ சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் இந்த ஐந்தையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். எல்லா இடத்திலும் ஐந்தும் கேட்பார்கள் என்றில்லை. ஆனால் கேட்டபோது இல்லையென்றால் திரும்பி வருவது நீங்கள்தான்.

தேசிய அடையாள அட்டை, அசல்.
அதன் இரண்டு பக்கமும் எடுத்த போட்டோ கொப்பி, இரண்டு.
பாஸ்போட் அளவு படம், குறைந்தது இரண்டு. பின்பக்கம் பெயர் எழுதியிருக்கட்டும்.
வேலை செய்யும் இடத்துக் கடிதம்.
கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ்.

அடையாள அட்டையே இன்னும் எடுக்கவில்லை என்றால் அதை முதலில் முடியுங்கள், சீசன் பிறகு. தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்த விண்ணப்பத்தைத் தோட்ட அதிகாரி உறுதிப்படுத்தலாம். பாடசாலையில் படிப்பவர்களுக்கு அதிபர், மற்றவர்களுக்குக் கிராம உத்தியோகத்தர். அட்டை வருவதற்கு நாளாகும், ஆகவே வேலை கிடைத்த பிறகு தேடாமல் பரீட்சை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

இப்போது கடிதத்துக்கு வருவோம். என் முதல் கடிதத்தை முதலாளி ஆங்கிலத்தில் டைப் செய்து கொடுத்தார். அடையாள அட்டையில் என் அப்பாவின் பெயர் முழுதாக முன்னால் இருக்கிறது. கடிதத்தில் இனிஷியல் மட்டும். என் பெயரிலும் ஒரு எழுத்து வித்தியாசம். கருமபீடத்தில் இருந்தவர் அட்டையையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் எழுத்து எழுத்தாகத் தொட்டுக்கொண்டு போனார். மூன்றாவது எழுத்தில் விரல் நின்றது. கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அவர் பார்த்தது சரி. டிக்கெட்டில் இருக்கும் பெயரும் அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால், கோச்சியில் பரிசோதகரிடம் மாட்டுவது நான்தான்.

ஆகவே முதலாளியிடம் வாயால் பெயரைச் சொல்லாதீர்கள். அடையாள அட்டையின் கொப்பியைக் கொடுத்து, ‘இதில் இருப்பது போலவே போடுங்கள் ஐயா’ என்று கேளுங்கள். கடிதத்தில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: அட்டையில் உள்ளபடி பெயர், அட்டை இலக்கம், எந்தத் தேதியிலிருந்து வேலை, கையொப்பத்தோடு சீலும் தேதியும். என் இரண்டாவது கடிதத்தில் பெயர் சரியாக இருந்தது. சீல் இல்லை. அதற்காக இன்னொரு நாள் போனது.

முகவரி விஷயத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. நம் தோட்டங்களுக்கு நாம் கூப்பிடும் தமிழ்ப் பெயர் ஒன்று, தோட்ட ஆபீஸ் பதிவில் உள்ள பெயர் இன்னொன்று. வீட்டில் எல்லோரும் ஒரு பெயரைச் சொல்லிப் பழகியிருப்பார்கள், அட்டையில் வேறு பெயர் இருக்கும். டிவிஷன் பெயரும் அப்படித்தான், மேல் கணக்கு, கீழ்க் கணக்கு என்று நாம் சொல்வது எந்தப் பத்திரத்திலும் இராது. கிராம உத்தியோகத்தரிடம் சான்றிதழ் எடுக்கும்போதும் அட்டையில் உள்ள முகவரியையே எழுதச் சொல்லுங்கள். அவர் தோட்டத்துக்கு வரும் நாள் எது என்று தோட்ட ஆபீஸில் கேட்டு வைத்துக்கொண்டால் அவரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

5. ஸ்டேஷனில் கேட்கும் முறை

எல்லாச் சிறிய ஸ்டேஷனிலும் சீசன் கொடுப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஸ்டேஷன் சிறியது என்றால், சீசன் எங்கே எடுக்கலாம் என்று அங்கேயே கேட்டுவிட்டுப் பெரிய ஸ்டேஷனுக்குப் போங்கள்.

போகும் நேரம் முக்கியம். காலைக் கோச்சி வரும் நேரத்தில் கருமபீடத்தில் சீசன் பற்றிப் பேச முடியாது. பின்னால் முப்பது பேர் டிக்கெட்டுக்கு நிற்பார்கள், உள்ளே இருப்பவருக்கும் உங்களைக் கவனிக்க நேரமில்லை. ஒரு கோச்சி போய் அடுத்தது வருவதற்கு இடையில், பத்து மணி பதினொரு மணி போலப் போங்கள். மாதத்தின் கடைசி இரண்டு நாளையும் முதல் இரண்டு நாளையும் தவிருங்கள், அப்போதுதான் எல்லோரும் வருவார்கள்.

இனி, முதல் நாள் நான் வெறுங்கையோடு திரும்பிய காரணம். சீசன் டிக்கெட்டுக்குத் தமிழில் பருவகாலச் சீட்டு என்று எழுதுவார்கள். சிங்களத்தில் அது ‘வார ப்ரவேஷ பத்ர’. கண்ணாடியில் ஒட்டியிருந்ததைப் பக்கத்தில் நின்ற ஒருவர் வாசித்துக் காட்டினார். ‘வார’ என்று காதில் விழுந்ததும், இது கிழமைக்கு எடுக்கும் டிக்கெட், நமக்கு மாதத்துக்கு வேண்டும் என்று நினைத்து வரிசையிலிருந்து விலகிவிட்டேன். மாதத்துக்கு வேறு கவுண்டர் இருக்கும் என்று அங்குமிங்கும் பார்த்துக்கொண்டு நின்றதில் நேரம் முடிந்து மூடிவிட்டார்கள். சிங்களத்தில் ‘வார’ என்றால் தவணை. நம் வாரம் இல்லை. ‘வார ப்ரவேஷ பத்ர’ என்று எங்கே பார்த்தாலும் கேட்டாலும் அதுதான் சீசன், அங்கேயே நில்லுங்கள். பேச்சில் ‘சீசன் எக’ என்று சொன்னாலே எல்லோருக்கும் விளங்கும்.

தமிழ்ப் படிவம் இருக்கிறதா என்று கேட்கத் தயங்க வேண்டாம். தமிழும் இந்த நாட்டின் ஆட்சி மொழி. கேட்டால் பலர் தேடிக் கொடுக்கிறார்கள். இல்லையென்றால் சிங்களப் படிவத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அங்கேயே தெரிந்த ஒருவரைக் கேட்டு நிரப்புங்கள், நிரப்பிய பிறகு ஒவ்வொரு வரியும் என்னவென்று அவரிடமே கேட்டுவிட்டுக் கையொப்பமிடுங்கள். விளங்காத தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

டிக்கெட் கையில் கிடைத்ததும் கருமபீடத்தை விட்டு நகராமல் ஐந்து விஷயம் பாருங்கள்: பெயர், அட்டை இலக்கம், இரண்டு ஸ்டேஷன், வகுப்பு, தொடங்கும் தேதியும் முடியும் தேதியும். தேதி மிக முக்கியம். இன்று காசு கட்டினால் இன்றிலிருந்து முப்பது நாள் என்று நாமாக எண்ணிக்கொள்ளக் கூடாது. காசு கட்டும் முன்னரே ‘எந்தத் தேதி வரை செல்லும்?’ என்று கேளுங்கள். மாதத்தின் நடுவில் போகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள்.

6. செலவைக் கணக்குப் பார்ப்பது

பழைய ஆட்கள் சொல்லும் விலையை வைத்துக்கொண்டு போகாதீர்கள். 2022 ஜூலையில் ரயில் கட்டணம் உயர்ந்தது, அதற்கு முன் சீசன் எடுத்தவர்களின் கணக்கு இப்போது பொருந்தாது. விலையைக் கருமபீடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு வீட்டில் உட்கார்ந்து இப்படிக் கணக்குப் போடுங்கள்.

ஒரு வழி டிக்கெட் 100 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 22 நாள் வேலை. போக வர 44 டிக்கெட், 4,400 ரூபா. சீசன் விலை இதைவிடக் குறைவாக இருந்தால் லாபம். ஆனால் அந்த 22 நாளும் நீங்கள் கோச்சியில்தான் போவீர்களா? பின்னேரம் வேலை பிந்தி, கிழமையில் இரண்டு நாள் பஸ்ஸில் திரும்புகிறவர் என்றால் 44 என்பது 36 ஆகிவிடும். அந்த 36-ஐ வைத்துக் கணக்குப் பாருங்கள்.

ஏப்ரல் மாதத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு கிழமை லீவில் நிற்போம், அதோடு போயா தினம், சில வருடம் பெரிய வெள்ளியும் அதே மாதத்தில் வரும். மே மாதத்தில் மே தினமும் வெசாக்குக்கு இரண்டு நாளும் போகும். இந்த இரண்டு மாதமும் நான் சீசன் எடுப்பதில்லை, அன்றன்று டிக்கெட் வாங்கிக்கொள்வேன். தைப்பொங்கல் ஒரு நாள்தான், ஜனவரிக்குத் தாராளமாக எடுக்கலாம்.

சீசன் விலையோடு படம், கொப்பி, பெரிய ஸ்டேஷனுக்குப் போய்வரும் பஸ் காசு எல்லாம் முதல் தடவை சேரும். படத்தை ஒரே தடவையில் ஆறாகப் பிரிண்ட் எடுத்தால் மலிவு. இவற்றைவிடப் பெரிய செலவு நாள் சம்பளம். முதலாளியிடம் முழு நாள் லீவு கேட்காமல், அரை நாள் கேட்டு அதற்குள் முடிக்கும்படி போங்கள். மாற்றிய காசும் கொண்டுபோங்கள். ஐயாயிரம் ரூபா நோட்டை நீட்டிச் சில்லறைக்கு அலைவது தேவையில்லாத வேலை.

7. முதல் கிழமை: ஏறுவது, மாறுவது, காத்திருப்பது

பேராதனைச் சந்தியில் பாதை மூன்று பக்கமாகப் பிரிகிறது: ஒன்று கொழும்புக்கு, ஒன்று கண்டிக்கு, ஒன்று நம் பக்கம். பதுளைப் பக்கமிருந்து வரும் எல்லாக் கோச்சியும் கண்டிக்குள் போவதில்லை. பாதை முழுதாகத் திறந்திருக்கும்போது பொடி மெனிக்கே என்ற கோச்சி கண்டிக்குப் போய்த் திரும்பித்தான் கொழும்புக்குப் போகும். உடரட்ட மெனிக்கே என்ற கோச்சி கண்டிக்குப் போகாமல் பேராதனையிலிருந்து நேரே கொழும்புப் பக்கம் திரும்பிவிடும். அப்படிப்பட்ட கோச்சியில் ஏறினால் பேராதனையில் இறங்கி, கண்டிக்குப் போகும் கோச்சியையோ பஸ்ஸையோ பிடிக்க வேண்டும். தூங்கிவிட்டால் கடுகண்ணாவையில்தான் கண் விழிப்பீர்கள். முதல் கிழமை முழுக்க, ஏறுவதற்கு முன் ‘மேக்க நுவரட்ட யனவத?’ என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

ஒதுக்கிய ஆசனங்கள் உள்ள பெட்டியில் சீசனோடு ஏற வேண்டாம். மூன்றாம் வகுப்புக்கு எடுத்துவிட்டு இரண்டாம் வகுப்பில் இடம் இருக்கிறதே என்று உட்காரவும் வேண்டாம். தண்டம் ஒன்றுதான்.

ஒலிபெருக்கியில் பெரும்பாலும் சிங்களம்தான் முதலில் வரும். நான்கு சொல் தெரிந்தால் சமாளிக்கலாம். தும்ரிய என்றால் ரயில். வேதிகாவ என்றால் மேடை, அதற்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். அவலங்குய் என்றால் ரத்து, உடனே பஸ்ஸுக்கு நடங்கள். ப்ரமாதய் என்றால் தாமதம். இந்தக் கடைசிச் சொல் தமிழ்க் காதுக்குப் பிரமாதம் போலக் கேட்கும், நல்ல செய்தி என்று நினைத்து நின்றுவிடாதீர்கள்.

இடையில் ஒரு சிறிய ஸ்டேஷனில் கோச்சி பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா நிற்கும். புதிதாகப் போகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும், வேலைக்கு நேரமாகிறதே என்று இறங்கி ஓடுபவர்களும் உண்டு. அது கிராசிங். நம் பக்கம் ஒற்றைப் பாதை. எதிரே வரும் கோச்சி ஸ்டேஷனுக்குள் வந்து பக்கத்துப் பாதையில் ஒதுங்கினால்தான் நாம் போகலாம். ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரே ஒரு கோச்சிதான் இருக்கலாம் என்பதற்கு அடையாளமாக ட்ரைவர் கையில் டெப்லட் என்ற ஒரு உலோக வில்லையைக் கொடுப்பார்கள். ஜன்னலோரம் இருந்தால் பாருங்கள்: ஸ்டேஷன் ஆள் பெரிய வளையம் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடை ஓரம் நிற்பார், எஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளும். அந்த வளையத்தின் பையில்தான் டெப்லட் இருக்கிறது. அது எஞ்சினுக்குள் போய்விட்டால் இன்னும் சில விநாடியில் கிளம்பப்போகிறோம் என்று அர்த்தம். இறங்கி நிற்பவர்கள் அப்போதே ஏறிவிடுங்கள்.

எதிர்க் கோச்சி பிந்தினால் நாமும் பிந்துவோம். கொழும்பில் நடந்த தாமதம் உலப்பனையில் நிற்கும் உங்களுக்கும் வந்து சேரும். ஆகவே வேலை தொடங்கும் நேரத்துக்குச் சரியாக வந்து சேரும் கோச்சியை நம்பாமல், அதற்கு முந்தியது இருந்தால் அதைப் பிடியுங்கள். முந்தியது இல்லையென்றால் வேலைக்குச் சேரும்போதே முதலாளியிடம் ‘நான் கோச்சியில் வருகிறேன், கிராசிங் பிந்தினால் கால் மணி நேரம் பிந்தலாம், பின்னேரம் நின்று முடித்துக் கொடுக்கிறேன்’ என்று சொல்லி வையுங்கள். என் முதலாளி இதற்கு ஒத்துக்கொண்டார்.

வாசலில் தொங்கிக்கொண்டு போக வேண்டாம். பாறையை வெட்டிப் போட்ட பாதை இது, சில இடத்தில் பாறை கையெட்டும் தூரத்தில் வருகிறது. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம், உள்ளே கும்மிருட்டு. கூட்டமாக இருந்தால் தோள் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு உள்ளே தள்ளி நில்லுங்கள். சீசனை போனின் கவருக்குள் வைக்காதீர்கள், போன் போனால் இரண்டும் போய்விடும். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அடையாள அட்டையோடு வையுங்கள். பரிசோதகர் இரண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பார்.

8. மழை நாளுக்குத் தனியாகக் காசு வையுங்கள்

மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வட்டவளை இந்த நாட்டிலேயே மிக அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அந்தப் பக்கம் பாதையில் மண் சரிந்தால் கீழே நாவலப்பிட்டி, கம்பளை ஓட்டமும் குழம்பும். அக்டோபர், நவம்பரில் பின்னேர மழை இடியோடு வரும், வீடு திரும்பும் நேரம் அதுதான். இரவு பலத்த மழை பெய்திருந்தால் காலையில் கிளம்புவதற்கு முன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒருவருக்குப் போன் செய்து கேளுங்கள். அப்படி ஒருவரை முதல் மாதத்திலேயே பழக்கம் பிடித்து வைப்பது நல்லது. நான் தினமும் தேத்தண்ணி குடிக்கும் கடைக்கார அக்காதான் எனக்கு அந்த ஆள். அவர் ‘வராத, பஸ்ஸில போ’ என்றால் நான் ஸ்டேஷன் பக்கமே போவதில்லை.

சீசன் எடுத்துவிட்டோம் என்று கையில் காசில்லாமல் கிளம்பக் கூடாது. மூன்று நாள் போக வர பஸ் காசைத் தனியாக ஒரு கவரில் போட்டு, பையின் அடியில் வைத்துவிடுங்கள். கண்டியில் ஸ்டேஷனுக்குக் கிட்டத்தான் குட்ஷெட் பஸ் நிலையம், நம் பக்கத்து பஸ்கள் அங்கிருந்துதான் போகும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் பஸ் நிற்கும் இடங்கள் அவ்வப்போது மாறுகின்றன. தேவை வராத ஒரு நாளில், வெளிச்சம் இருக்கும்போதே, நாவலப்பிட்டி பஸ்ஸும் கம்பளை பஸ்ஸும் இப்போது எங்கே நிற்கின்றன, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நடந்து போய்ப் பார்த்து வாருங்கள். பிள்ளைகள் தனியாகப் போகிறவர்கள் என்றால் அந்தக் கடைசி பஸ் நேரத்தை வீட்டிலும் எழுதி ஒட்டிவிடுங்கள், அம்மா அப்பாவுக்குக் கொஞ்சம் நிம்மதி.

9. அடுத்த மாதம்

முடியும் தேதிக்கு ஐந்து நாள் முந்தியே அடுத்த மாதத்துக்கு எப்போதிருந்து காசு கட்டலாம் என்று கேட்டுவிடுங்கள். போகும்போது பழைய டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள். முதலாளியின் கடிதத்திலும் கிராம உத்தியோகத்தர் சான்றிதழிலும் ஒவ்வொரு கொப்பி எடுத்து அதே கவரில் வையுங்கள், திரும்பக் கேட்டால் உடனே கொடுக்கலாம். வேலை மாறினாலோ போர்டிங்குக்குப் போனாலோ பழைய கடிதத்தைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டாம், புதிய கடிதம் வாங்குங்கள்.

முடிந்த தேதிக்கு மறுநாள் காலை அவசரத்தில் பழைய சீசனோடு ஏறிவிடுவது எல்லோருக்கும் ஒரு தடவை நடக்கும். போனில் முடியும் தேதிக்கு முந்திய நாள் இரவு எட்டு மணிக்கு ஒரு அலாரம் போட்டு வையுங்கள். அன்று காசு கட்ட முடியவில்லையா, மறுநாள் காலை கருமபீடத்தில் சாதாரண டிக்கெட் ஒன்று வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.